ஃபியூஸ் பெட்டியின் ஏழு நிறங்கள்: தொழிற்சாலைக் கேமராவுக்கு வண்ண குளோபல் ஷட்டர் சென்சார் தேர்ந்தெடுக்க முழுமையான வழிகாட்டி

காரின் ஃபியூஸ் பெட்டியைத் திறந்தால் சின்னச் சின்ன பிளாஸ்டிக் வில்லைகள் நிறநிறமாக வரிசையில் செருகப்பட்டிருக்கும். அந்த நிறம் அழகுக்காக வைத்தது அல்ல. 5 ஆம்பியருக்கு இளம்பழுப்பு, 7.5-க்குப் பழுப்பு, 10-க்குச் சிவப்பு, 15-க்கு நீலம், 20-க்கு மஞ்சள், 25-க்கு நிறமற்ற தெளிந்த பிளாஸ்டிக், 30-க்குப் பச்சை. 10 ஆம்பியர் இருக்க வேண்டிய இடத்தில் யாரோ 15 ஆம்பியரைச் செருகிவிட்டால் வண்டி ஓடும், விளக்கு எரியும், ஹாரன் ஒலிக்கும். ஒரு குறையும் தெரியாது. என்றோ ஒரு நாள் மின்கசிவு வரும்போதுதான், ஃபியூஸ் எரிய வேண்டிய நேரத்தில் கம்பி சூடாகத் தொடங்கும்.

அதனால்தான் அந்தப் பெட்டி தொழிற்சாலையை விட்டு வெளியேறும் முன் ஒரு கேமரா அதைப் பார்த்தாக வேண்டும். பெட்டி கன்வேயரில் நொடிக்கு 300 மில்லிமீட்டர் வேகத்தில் நிற்காமல் போகிறது. பெட்டியின் அளவு 120-க்கு 90 மில்லிமீட்டர். உள்ளே இருப்பவை மினி வகை ஃபியூஸ்கள், மேலிருந்து பார்த்தால் 11 மில்லிமீட்டர் நீளம், 4-க்குச் சற்றுக் குறைவான அகலம். இந்த ஒரே வேலையை எடுத்துக்கொண்டு சென்சார் முதல் சோதனை வரை கணக்குப் போட்டுப் பார்ப்போம். உங்கள் வேலை மாத்திரை அட்டையாக இருக்கலாம், வயர் கட்டாக இருக்கலாம். எண்கள் மாறும், வரிசை மாறாது.

வரிசை என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. பலர் சென்சார் பட்டியலில் தொடங்கி, மெகாபிக்சலைப் பார்த்து வாங்கிவிட்டு, பிறகு லென்ஸையும் விளக்கையும் அதற்கு ஏற்ப வளைக்கப் பார்க்கிறார்கள். நிறம் சென்சாரில் மட்டும் பிறப்பதில்லை. பொருளின் மேல் விழும் ஒளி, அதைத் திருப்பி அனுப்பும் பிளாஸ்டிக், வழியில் நிற்கும் வடிகட்டிகள், கடைசியில் மென்பொருள் போடும் கணக்கு எல்லாம் சேர்ந்துதான் 'சிவப்பு' என்ற விடை வருகிறது. ஆகவே பொருளிலிருந்து தொடங்கிப் பின்னோக்கி வாருங்கள்.

முதல் படி: வண்ணம் உண்மையிலேயே தேவையா?

இரண்டே நிறங்களைப் பிரித்தால் போதும் என்றால் வண்ணக் கேமரா வேண்டாம். கறுப்பு வெள்ளைக் கேமராவும் சிவப்பு விளக்கும் வைத்தால் சிவப்பு ஃபியூஸ் வெளுத்துத் தெரியும், நீல ஃபியூஸ் கறுத்துத் தெரியும். வேலை முடிந்தது. கறுப்பு வெள்ளைச் சென்சாருக்கு ஒளியும் மிச்சம், கூர்மையும் மிச்சம். விரிசல், கீறல், அளவு, பார்கோடு எதற்கும் வண்ணம் உதவாது, கெடுக்கும்.

நம் வேலையில் ஏழு நிறங்கள். அவற்றில் இரண்டு பழுப்புகள், ஒன்று நிறமே இல்லாதது. இங்கே வண்ணச் சென்சார் வேண்டும்.

இரண்டாம் படி: பிக்சல் கணக்கு

பெட்டியைச் சுற்றிச் சிறிது இடம் விட்டு, 130 மில்லிமீட்டர் அகலத்தைப் பார்வைப் பரப்பாக வைத்துக்கொள்வோம். 1440-க்கு 1080 பிக்சல் உள்ள சென்சார் என்றால் ஒரு பிக்சலுக்கு 0.09 மில்லிமீட்டர். ஃபியூஸின் அகலத்தில் 40 பிக்சல் விழும். நிறம் பார்க்க இது தாராளம்.

ஆனால் நிறத்தை மட்டும் நம்பக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஃபியூஸின் தலையில் ஆம்பியர் எண்ணும் இருக்கிறது. நிறமும் எண்ணும் ஒன்றுக்கொன்று சாட்சி. எண்ணின் உயரம் ஒன்றரை மில்லிமீட்டர் என்று கொண்டால், மேலே சொன்ன சென்சாரில் அது 17 பிக்சல்தான் வரும். எழுத்தை நம்பிப் படிக்க அது போதாது. 2448-க்கு 2048 பிக்சல் உள்ள 5 மெகாபிக்சல் சென்சாரில் ஒரு பிக்சல் 0.053 மில்லிமீட்டர், எண்ணின் உயரம் 28 பிக்சல். இதைத்தான் எடுத்துக்கொள்ளப் போகிறோம்.

மூன்றாம் படி: வேகமும் ஷட்டரும்

ரோலிங் ஷட்டர் சென்சார் படத்தை வரிசை வரிசையாக எடுக்கிறது. முதல் வரிசை ஒளியை வாங்கி முடித்த பிறகும் கடைசி வரிசை வாங்கிக்கொண்டிருக்கும். மேலிருந்து கீழ்வரை 30 மில்லிநொடி ஆகும் என்றால், அதற்குள் நம் பெட்டி 9 மில்லிமீட்டர் நகர்ந்துவிடும். ஒரு மினி ஃபியூஸின் நீளம் 11 மில்லிமீட்டர்! நேரான பெட்டி படத்தில் சாய்ந்த பெட்டியாகிவிடும். மூன்றாம் இடத்து ஃபியூஸைத் தேடும் மென்பொருள் நான்காம் இடத்தைப் பார்க்கும்.

குளோபல் ஷட்டரில் எல்லாப் பிக்சலும் ஒரே கணத்தில் தொடங்கி ஒரே கணத்தில் முடிக்கின்றன. சாய்வு இல்லை. ஆனால் அசைவால் வரும் மங்கல் இருக்கத்தான் செய்யும். அதை எக்ஸ்போஷர் நேரத்தால், அதாவது பிக்சல் ஒளியை வாங்கும் நேரத்தால் மட்டுமே கட்டுப்படுத்த முடியும். கணக்கு எளிது: ஒரு பிக்சலுக்குரிய தூரத்தை வேகத்தால் வகுக்க வேண்டும். 0.053-ஐ 300-ஆல் வகுத்தால் 177 மைக்ரோநொடி. அதற்கு மேல் போனால் எண் ஒரு பிக்சலுக்கு மேல் தேயும். 150 மைக்ரோநொடி என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இனி வரும் எல்லா முடிவுகளும் இந்த எண்ணைச் சுற்றியே வரும்.

பொருளை நிறுத்தி நிறுத்திப் படம் எடுக்க முடியும் என்றால் ரோலிங் ஷட்டரே போதும், விலையும் குறைவு. அதையும் கேட்டுப் பாருங்கள்.

நான்காம் படி: பிக்சலுக்குள் ஓர் இருட்டறை

குளோபல் ஷட்டர் பிக்சலில் ஒளியை வாங்கும் டையோடுக்குப் பக்கத்தில் ஒரு சேமிப்பு இடம் இருக்கிறது. எக்ஸ்போஷர் முடிந்ததும் எல்லாப் பிக்சலும் தங்கள் மின்னூட்டத்தை அங்கே மாற்றிவிட்டு, வாசிக்கப்படும் முறைக்காகக் காத்திருக்கின்றன. அந்த அறையை ஒளி படாமல் மூடியிருக்கிறார்கள். ஆனால் முழு இருட்டு என்று ஒன்று இல்லை. கொஞ்சம் ஒளி கசிந்து உள்ளே போகும்.

இந்தக் கசிவைப் பலர் கண்டுகொள்வதில்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். நொடிக்கு 35 படம் தரும் சென்சாரில் கடைசி வரிசை சுமார் 28 மில்லிநொடி காத்திருக்க வேண்டும். நம் எக்ஸ்போஷர் 150 மைக்ரோநொடிதான். காத்திருக்கும் நேரம் எக்ஸ்போஷரைப் போல 187 மடங்கு! சேமிப்பு அறையின் கசிவு ஆயிரத்தில் ஒரு பங்கு என்றால்கூட, விளக்கு எரிந்துகொண்டே இருக்கும் இடத்தில், கடைசி வரிசையில் கிட்டத்தட்ட 19 சதவீதம் ஒளி களவாக நுழைந்திருக்கும். அந்த நேரத்தில் பெட்டி 8 மில்லிமீட்டருக்கு மேல் நகர்ந்திருப்பதால், அது அடுத்த ஃபியூஸின் நிறம். மேல் வரிசையில் கசிவு குறைவு, கீழ் வரிசையில் அதிகம் என்பதால் படம் மேலிருந்து கீழாக நிறம் மாறிக்கொண்டே போகும். சிவப்பு ஒளி சிலிக்கனில் ஆழமாக இறங்கக்கூடியது என்பதால் கசிவிலும் அதன் பங்கு பெரும்பாலும் கூடுதல்.

கசிவு பத்தாயிரத்தில் ஒரு பங்கு என்றால் அதே கணக்கு 2 சதவீதத்துக்குக் கீழே இறங்கும். அதைவிட நல்ல வழி, எக்ஸ்போஷர் முடிந்தவுடன் விளக்கையே அணைத்துவிடுவது. ஒளியே இல்லை என்றால் கசிய எதுவும் இல்லை. இப்படிக் கணநேரம் மட்டும் மின்னி அணையும் ஸ்ட்ரோப் விளக்கு எதற்கு என்று யாராவது கேட்டால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

ஐந்தாம் படி: பேயர் கட்டத்தைப் புரிந்துகொள்ளுதல்

சிலிக்கனுக்கு நிறம் தெரியாது. ஈஸ்ட்மன் கோடக் நிறுவனத்தில் பணியாற்றிய பிரைஸ் பேயர் 1976-ல் காப்புரிமை பெற்ற ஏற்பாட்டின்படி, ஒவ்வொரு பிக்சலின் மேலும் ஒரு வண்ண வடிகட்டி வைக்கப்படுகிறது. நான்கு பிக்சல் கொண்ட சதுரத்தில் ஒன்று சிவப்பு, இரண்டு பச்சை, ஒன்று நீலம். நம் 5 மெகாபிக்சல் சென்சாரில் சிவப்பை உண்மையில் பார்ப்பவை 12.5 லட்சம் பிக்சல்கள்தான். மீதியெல்லாம் அக்கம்பக்கத்தைப் பார்த்து மென்பொருள் ஊகித்து நிரப்புவது.

இதிலிருந்து இரண்டு விஷயங்கள். ஒன்று, ஒவ்வொரு வடிகட்டியும் வெள்ளை ஒளியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கையே விடுகிறது. கறுப்பு வெள்ளைக் கேமராவுக்குப் போதுமான விளக்கு இதற்குப் போதாது. இரண்டு, நிறம் மாறும் விளிம்புகளில் ஊகம் தவறி, இல்லாத நிறங்கள் தோன்றும். ஆகவே ஃபியூஸின் ஓரத்தில் நிறத்தை அளக்காதீர்கள். ஓரத்திலிருந்து நான்கைந்து பிக்சல் உள்ளே தள்ளி, எண் இல்லாத பகுதியில் சிறிய செவ்வகம் ஒன்றைக் குறித்து அதன் சராசரியை எடுங்கள்.

ஆறாம் படி: இப்போது பட்டியலைத் திறக்கலாம்

5 மெகாபிக்சலில் சோனி நிறுவனத்தின் ப்ரீஜியஸ் வரிசை பரவலாகப் பயன்படுகிறது. ஐஎம்எக்ஸ்250, ஐஎம்எக்ஸ்264 இரண்டும் 2448-க்கு 2048 பிக்சல், 3.45 மைக்ரோமீட்டர் பிக்சல், மூன்றில் இரண்டு அங்குலம் எனப்படும் அளவு. வேறுபாடு வேகத்தில்: முதலாவது நொடிக்கு 160 படங்களைத் தாண்டும், இரண்டாவது சுமார் 35. நமக்கு ஒரு பெட்டிக்கு ஒரு படம் போதும். வேகத்துக்குக் கூடுதல் பணம் கொடுக்காமல் 264-ஐ எடுக்கலாம். மிச்சமாகும் பணம் விளக்குக்குப் போகட்டும். பெயரின் வால் எழுத்தையும் பாருங்கள்: 264-இல் எல்கியூஆர் என்று முடிந்தால் வண்ணம், எல்எல்ஆர் என்று முடிந்தால் கறுப்பு வெள்ளை. ஓர் எழுத்து மாறிய கொள்முதல் ஆணையால் ஒரு மாத வேலை நின்றதை நேரில் பார்த்திருக்கிறேன்.

2.74 மைக்ரோமீட்டர் பிக்சலுடன் வந்த பிந்தைய தலைமுறையான ப்ரீஜியஸ் எஸ் வரிசையில் ஐஎம்எக்ஸ்547 அதே 5 மெகாபிக்சலைச் சிறிய பரப்பில் தருகிறது. கேமரா சிறியதாக வேண்டும் என்றால் அது நல்லது. ஆனால் லென்ஸ் அதற்கேற்பக் கூர்மையாக இருக்க வேண்டும். ஆன்செமி நிறுவனத்தின் பைத்தான் வரிசையும், 1920-க்கு 1200 பிக்சல் தரும் ஏஆர்0234-உம் பல கேமராக்களில் இருக்கின்றன. கற்றுக்கொள்ள மட்டும் என்றால், 2023-ல் வந்த ராஸ்பெரி பை குளோபல் ஷட்டர் கேமரா போதும். அதில் இருப்பது ஐஎம்எக்ஸ்296 வண்ணச் சென்சார், 1.6 மெகாபிக்சல். இந்த வழிகாட்டியில் வரும் பெரும்பாலான சோதனைகளை மேசையில் வைத்தே அதில் செய்து பார்க்கலாம்.

'பெரிய பிக்சல் நல்லது' என்ற பேச்சும் வரும். உண்மைதான். 5.86 மைக்ரோமீட்டர் பிக்சல் கொண்ட ஐஎம்எக்ஸ்174 ஒரு பிக்சலில் சுமார் 32,000 எலக்ட்ரான்களைத் தாங்கும், 3.45 பிக்சல் சுமார் 10,500. ஒளியின் இயல்பான இரைச்சல் இந்த எண்ணின் வர்க்கமூலம். ஆக முதலாவதில் அதிகபட்சத் தெளிவு 180-க்கு 1, இரண்டாவதில் 100-க்கு 1. ஆனால் நாம் ஒரு பிக்சலை வைத்து முடிவெடுக்கப் போவதில்லை. ஒன்றரைக்கு ஒரு மில்லிமீட்டர் செவ்வகத்தில் 500 பிக்சல் இருக்கும். அதில் சிவப்பு மட்டும் 125. சராசரி எடுத்தால் இரைச்சல் 11 மடங்கு அடங்கிவிடும். இந்த வேலைக்குச் சின்னப் பிக்சலைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை.

கேமரா நிறுவனங்களை ஒப்பிடும்போது 'இஎம்விஏ 1288' தரப்படி அளந்த அறிக்கையைக் கேளுங்கள். ஐரோப்பிய இயந்திரப் பார்வைச் சங்கம் வகுத்த முறை அது. ஒரே முறையில் அளந்த எண்களைத்தான் ஒப்பிட முடியும். விளம்பரத் தாளில் உள்ளவற்றை ஒப்பிட முடியாது.

ஏழாம் படி: லென்ஸ்

சென்சாரின் அகலம் 2448 பெருக்கல் 3.45 மைக்ரோமீட்டர், அதாவது 8.45 மில்லிமீட்டர். அது 130 மில்லிமீட்டரைப் பார்க்க வேண்டும், உருப்பெருக்கம் 0.065. 25 மில்லிமீட்டர் லென்ஸ் போட்டால் சுமார் 410 மில்லிமீட்டர் உயரத்தில் கேமராவை மாட்ட வேண்டும். ரிலேக்கள் ஃபியூஸைவிட உயரமாக நிற்கும் பெட்டி என்றால், அவை பக்கத்து ஃபியூஸை மறைக்காதபடி இன்னும் உயரத்தில் மாட்டி 35 மில்லிமீட்டர் லென்ஸ் போடுவது நல்லது.

அபெர்ச்சரை, அதாவது லென்ஸின் ஒளித்துளையை, எஃப் 5.6-இல் வையுங்கள். ஒளியின் விளிம்பு விலகலால் ஒரு புள்ளி சுமார் 7.5 மைக்ரோமீட்டர் வட்டமாகப் பரவும். பேயர் கட்டத்தில் அடுத்தடுத்த சிவப்புப் பிக்சல்களின் இடைவெளி 6.9. இரண்டும் ஏறக்குறையப் பொருந்துகின்றன. துளையைச் சுருக்கி எஃப் 11-க்குப் போனால் வட்டம் 15 மைக்ரோமீட்டரைத் தொடும், எண் மங்கும், ஒளியும் நான்கில் ஒரு பங்காகும்.

அகச்சிவப்புத் தடுப்பு வடிகட்டியை மறக்கவே கூடாது. பேயர் வடிகட்டிகளில் உள்ள சாயங்கள் அகச்சிவப்பைத் தடுப்பதில்லை. 800 நானோமீட்டருக்கு அப்பால் மூன்று நிறப் பிக்சல்களும் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே பார்க்கும், நிறங்கள் வெளுத்துப்போகும். 650 நானோமீட்டர் அளவில் வெட்டும் வடிகட்டி வேண்டும். சில கேமராக்களில் அது உள்ளேயே இருக்கும், சிலவற்றில் இருக்காது. வாங்கும் முன் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

எட்டாம் படி: விளக்கு

நேரமும் பணமும் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். சென்சாரில் செய்த தவறை ஓரளவு மென்பொருளில் சரிக்கட்டலாம். விளக்கில் செய்த தவறைச் சரிக்கட்ட முடியாது, ஏனென்றால் பொருளின் மேல் விழாத நிறம் திரும்பி வராது.

வெள்ளை எல்இடி என்பது உண்மையில் 450 நானோமீட்டர் அளவில் ஒளிரும் நீலச் சில்லு. அதன் மேல் பூசிய பாஸ்பர் மஞ்சளாக ஒளிர்ந்து வெள்ளையாகத் தோன்றுகிறது. மலிவான எல்இடியில் அடர்சிவப்பு குறைவு. நமக்கோ சிவப்பு, பழுப்பு, இளம்பழுப்பு மூன்றையும் பிரிக்க வேண்டும்! விளக்கு நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்று சொல்லும் சிஆர்ஐ மதிப்பு 90-க்கு மேல் வேண்டும் என்று கேட்பது நல்லது, ஆனால் அது போதாது. சிஆர்ஐ என்பது எட்டு மென்னிறங்களின் சராசரி. அடர்சிவப்பு அதில் சேராது. 'ஆர்9' என்ற மதிப்பைத் தனியாகக் கேளுங்கள். நிற வெப்பநிலை 5000 முதல் 6500 கெல்வின் வரை இருக்கட்டும். மஞ்சள் ஒளி தரும் 3000 கெல்வின் விளக்கில் நீலம் மிகக் குறைவு. வெள்ளை வெள்ளையாகவே தெரியும்படி நிறங்களைச் சமன்செய்யும் வைட் பேலன்ஸில் நீலத்தைப் பல மடங்கு பெருக்க வேண்டிவரும், இரைச்சலும் கூடவே பெருகும்.

ஃபியூஸ் பிளாஸ்டிக் பளபளப்பானது. நேராக மேலிருந்து விளக்கடித்தால் தலையில் வெள்ளைப் புள்ளி விழும். அந்த வெள்ளையில் எந்த நிறமும் இல்லை. அரைக்கோள வடிவ டோம் விளக்கைப் பயன்படுத்துங்கள். ஒளி எல்லாப் பக்கமிருந்தும் மென்மையாக வரும். இடமில்லை என்றால் விளக்குக்கும் லென்ஸுக்கும் குறுக்கு நிலையில் போலரைசர் (ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் வடிகட்டி) போடலாம், ஆனால் ஒளியில் நான்கில் ஒரு பங்குகூட மிஞ்சாது. 150 மைக்ரோநொடி எக்ஸ்போஷரில் அது பெரிய இழப்பு.

விளக்கு நேர்மின்னோட்டத்தில், நிலையான மின்னோட்டம் தரும் டிரைவர் சர்க்யூட்டில் எரிய வேண்டும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நேரடியாக எரியும் விளக்கு நொடிக்கு 100 முறை ஏறி இறங்கும். கண்ணுக்குத் தெரியாது, நம் கேமராவுக்குத் தெரியும். கேமராவின் எக்ஸ்போஷர் சிக்னலை ஸ்ட்ரோப் டிரைவருக்குக் கொடுத்தால், எக்ஸ்போஷர் நேரத்தில் மட்டும் விளக்கு மின்னும். இடைவெளி நீளம் என்பதால் பல எல்இடி விளக்குகளை வழக்கமான மின்னோட்டத்தைவிடக் கூடுதலாகச் சில மடங்கு ஓட்டலாம். எத்தனை மடங்கு என்பதை விளக்குத் தயாரிப்பாளரின் தாளே சொல்லும்; அதைத் தாண்டாதீர்கள்.

ஒரு பட்டறையில் காலையெல்லாம் ஒழுங்காக ஓடிய கேமராச் சோதனை நிலையம், மாலை மூன்றரை மணிக்குப் பிறகு பழுப்பு ஃபியூஸ்களைத் தள்ளத் தொடங்கியது. மூன்று நாள் மென்பொருளைத் தோண்டினோம். நான்காம் நாள் லைன் மேற்பார்வையாளர் வந்து, "சார், அந்த மேற்கு ஜன்னலைக் கொஞ்சம் பாருங்கள்" என்றார். சரிந்த வெயில் ஜன்னல் கம்பிகளின் இடைவெளி வழியாக நேராகப் பெட்டியின் மேல் விழுந்துகொண்டிருந்தது. அன்றிலிருந்து நான் விடாமல் செய்யும் சோதனை இது: எல்லா அமைப்பும் முடிந்த பிறகு ஸ்ட்ரோப்பை மட்டும் அணைத்துவிட்டு, அதே எக்ஸ்போஷரில் ஒரு படம் எடுங்கள். படம் முழுக் கறுப்பாக இருக்க வேண்டும். காலை, உச்சி, மாலை என மூன்று வேளையும் எடுங்கள். கறுப்பாக இல்லை என்றால் நிலையத்தைச் சுற்றி மூடி போட்ட பிறகுதான் அடுத்த வேலை.

ஒன்பதாம் படி: கம்பியும் ட்ரிக்கரும்

பேயர் வடிவில் அப்படியே அனுப்பினால் ஒரு படம் 5 மெகாபைட். கிகாபிட் ஈதர்நெட்டில் நடைமுறையில் நொடிக்குச் சுமார் 115 மெகாபைட் போகும். 20 படத்துக்கு மேல் வரும். கேமராவிலேயே மூன்று நிறமாக மாற்றி அனுப்பினால் படம் 15 மெகாபைட் ஆகிவிடும், புதிய தகவல் எதுவும் சேராது. பேயராகவே வாங்கிக் கணினியில் மாற்றுங்கள். ஈதர்நெட் கம்பி 100 மீட்டர் வரை போகும், யுஎஸ்பி 3 கம்பி சில மீட்டர்தான். நம் வேலைக்கு ஈதர்நெட்.

ட்ரிக்கரை, அதாவது படம் எடுக்கச் சொல்லும் சிக்னலை, பெட்டி வந்ததைக் காணும் ஒளிமின் சென்சாரிலிருந்து நேராகக் கேமராவின் உள்ளீட்டுக்குக் கொடுங்கள். கணினி வழியாகக் கொடுத்தால் எப்போதாவது 10 மில்லிநொடி தாமதிக்கும். பெட்டி 3 மில்லிமீட்டர் தள்ளி நிற்கும்.

பத்தாம் படி: கேமரா அமைப்புகள்

முதல் வேலை, 'ஆட்டோ' என்று தொடங்கும் எல்லாவற்றையும் அணைப்பது: ஆட்டோ எக்ஸ்போஷர், ஆட்டோ கெயின், ஆட்டோ வைட் பேலன்ஸ். பெட்டியில் மஞ்சள் ஃபியூஸ் அதிகம் வந்தால் ஆட்டோ வைட் பேலன்ஸ் அதை ஒளியின் குறை என்று நினைத்து மஞ்சளைக் குறைத்துவிடும். படத்தின் வெளிச்ச எண்களை வளைக்கும் அமைப்பான காமாவை 1-இல் வையுங்கள். அப்போதுதான் எண்கள் ஒளிக்கு நேர்விகிதத்தில் இருக்கும். லென்ஸை மூடி ஒரு படம் எடுத்துக் கறுப்பு நிலை பூஜ்யத்துக்குச் சற்று மேலே இருக்கிறதா என்று பாருங்கள். பூஜ்யத்திலேயே வெட்டுப்பட்டால் இருண்ட நிறங்கள் பிறழும்.

விளக்கை அரை மணி நேரம் ஓடவிட்டுச் சூடாக்கிய பிறகு, ஃபியூஸின் தலை இருக்கும் அதே உயரத்தில் சாம்பல் அட்டையை வையுங்கள். வெள்ளைத் தாள் வேண்டாம். தாளை வெண்மையாகக் காட்டச் சேர்க்கும் ஒளிர்வூட்டிகள் நீலத்தைக் கூட்டிக் காட்டக்கூடும். அட்டையில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றின் சராசரியும் ஒன்றாகும்வரை சிவப்பு, நீலப் பெருக்கங்களை மாற்றி, கிடைத்த எண்களைக் கேமராவின் நினைவகத்தில் சேமியுங்கள். ஒரு காகிதத்திலும் எழுதி நிலையத்தின் கதவுக்குள் ஒட்டுங்கள்.

ஒரு சிக்கலை விரிவாகச் சொல்ல வேண்டும். ஒரு நிலையத்தில் இடநெருக்கடியால் கேமராவைத் தலைகீழாக மாட்டினோம். படத்தை 180 பாகை திருப்ப, பேயர் தரவையே திருப்பிவிட்டு, பிறகு நிறமாக்கினார் மென்பொருள் எழுதியவர். மறுநாள் 10 ஆம்பியர் ஃபியூஸ்கள் எல்லாம் 15 என்றும், 15 எல்லாம் 10 என்றும் வந்தன. மஞ்சள் வெளிர்நீலமாக மாறியிருந்தது. பச்சை மட்டும் ஒழுங்காக இருந்தது. காரணம் இதுதான்: பேயர் சதுரத்தின் மேல் இடது மூலையில் சிவப்பு, கீழ் வலது மூலையில் நீலம். திருப்பியபோது மூலைகள் இடம் மாறின. மென்பொருள் பழைய வரிசையையே நம்பியது. படத்தின் ஒரு பகுதியை மட்டும் வெட்டி எடுக்கும்போதும், வெட்டும் இடம் இரு திசையிலும் ஒற்றைப்படை எண்ணில் தொடங்கினால் இதே கதைதான். வெட்டும் இடத்தை எப்போதும் இரட்டைப்படையில் வையுங்கள், திருப்புவதை நிறமாக்கிய பிறகு செய்யுங்கள். சில கேமராக்கள் திருப்பும்போது வரிசை மாறியதைத் தாமே தெரிவிக்கும், சில தெரிவிக்காது. ஒரு சிவப்பு ஃபியூஸை மட்டும் வைத்துப் படம் எடுத்தால் அரை நிமிடத்தில் தெரிந்துவிடும்.

பதினோராம் படி: இரண்டு பழுப்புகளைப் பிரித்தல்

சாயல், செறிவு, வெளிச்சம் என்று நிறத்தைப் பிரித்துச் சாயலை மட்டும் பார்த்தால் மஞ்சள், பச்சை, நீலம், சிவப்பு நான்கும் எளிதில் பிரியும். பழுப்புகள் பிரியாது. பழுப்பு என்பது தனிச் சாயல் அல்ல. வெளிச்சம் குறைந்த ஆரஞ்சு. 5 ஆம்பியரின் இளம்பழுப்புக்கும் 7.5-இன் பழுப்புக்கும் முதன்மையான வேறுபாடு வெளிச்சத்தில்தான். ஆகவே இந்த இரண்டும் விளக்கின் பலத்தை நேரடியாக நம்பி நிற்கின்றன. விளக்கு வயதாகி மங்கினால் இளம்பழுப்பு மெல்ல மெல்லப் பழுப்பின் பக்கம் சாயும்.

இதற்கு நான் கண்ட நல்ல வழி, பார்வைப் பரப்பின் ஓரத்தில் மங்காத சாம்பல் நிறத் துண்டு ஒன்றை நிரந்தரமாகப் பொருத்திவிடுவது. ஒவ்வொரு படத்திலும் அதன் மூன்று மதிப்புகளையும் படித்து, ஃபியூஸின் மதிப்புகளை அவற்றால் வகுத்துக்கொள்ளுங்கள். துண்டின் மதிப்பு 10 சதவீதம் விழுந்தால் நிலையம் நின்று எச்சரிக்கட்டும். அந்தத் துண்டில் தூசி படியும். துடைப்பதை யாருடைய வேலை என்று முன்பே முடிவு செய்யுங்கள்.

நிறங்களை, வெளிச்சத்தையும் நிறத்தையும் மூன்று எண்களாகச் சொல்லும் 'லேப்' எனப்படும் வண்ண வெளிக்கு மாற்றி, ஒவ்வொரு ஃபியூஸும் எந்த நிறத்து மாதிரிகளின் கூட்டத்துக்கு அருகில் விழுகிறது என்று பாருங்கள். அருகில் என்பது மட்டும் போதாது. இரண்டு கூட்டங்களுக்கு நடுவில் விழுவதைத் 'தெரியவில்லை' என்று மனிதருக்கு அனுப்ப வேண்டும். நிறமற்ற 25 ஆம்பியரில் உள்ளே இருக்கும் உலோகமும் அடியில் உள்ள கறுப்புப் பிளாஸ்டிக்கும் தெரியும்; காலி இடத்தோடு குழம்ப அதிக வாய்ப்பு இதற்குத்தான். இங்கே எண்ணைப் படித்தே தீர வேண்டும்.

பன்னிரண்டாம் படி: சோதனை

ஒரே பெட்டியை அசைக்காமல் 200 படம் எடுத்து ஒவ்வொரு ஃபியூஸின் மதிப்பும் எவ்வளவு சிதறுகிறது என்று பாருங்கள். இது கேமராவும் விளக்கும் தரும் சிதறல். பிறகு அதே பெட்டியைக் கன்வேயரில் 200 முறை ஓட்டுங்கள். சிதறல் பெருகினால் ட்ரிக்கரிலோ மங்கலிலோ சிக்கல் இருக்கிறது. அடுத்து, வெவ்வேறு உற்பத்தியாளர்களின் ஃபியூஸ்களைச் செருகிப் பாருங்கள். ஒருவரின் சிவப்பு இன்னொருவரின் சிவப்பு அல்ல. வாங்கும் பிரிவு புதிய உற்பத்தியாளருக்கு மாறும்போது உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்பதை எழுத்தில் வாங்கி வையுங்கள்.

கடைசியாக, வேண்டுமென்றே தவறாக அடுக்கிய பெட்டி ஒன்றைத் தயார் செய்யுங்கள்: 10 இடத்தில் 15, 5 இடத்தில் 7.5, 25 இடம் காலி. அதன் மூடியில் சிவப்பு வண்ணம் பூசி, நிலையத்தின் பக்கத்திலேயே தனிக் கொக்கியில் மாட்டுங்கள். ஒவ்வொரு ஷிப்ட் தொடக்கத்திலும் முதலில் அந்தப் பெட்டி கேமராவுக்கு அடியில் போகட்டும். மூன்று தவறுகளையும் கேமரா சொன்ன பிறகு லைனைத் தொடங்கலாம்.